ஆல்பர்ட் கிங்கை ராக் கிட்டார்காரர்களின் வாத்தியாராக மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமா?

கருந்தட்டு எழுதியது:

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பாடகராகவும் கிட்டார்காரராகவும் இருந்த ஆல்பர்ட் கிங் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் ராக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், டெக்சாஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். எடுத்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கொடுத்தவர் யார், எப்படி வாழ்ந்தார், என்ன பாடினார் என்று கேட்பாரில்லை. நெடுநாளாக எனக்கு இருக்கும் ஆதங்கம் இது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட் கிங் முதலில் ஒரு பாடகர். அவருடைய கிட்டார் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லப் பிறந்தது. தேவாலயப் பாட்டின் உணர்ச்சியும் ஆட்டத் தாளமும் கலந்த சோல் இசையை வாசித்த மெம்ஃபிஸ் நகரத்துக்காரர்களோடு சேர்ந்த பிறகுதான் அவருடைய ப்ளூஸுக்கு முழு உருவம் கிடைத்தது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவர் தந்தியை வளைக்கும் வித்தையை மட்டும் பாடம் எடுப்பவர்களுக்கு அவரில் பாதி கூடக் கிடைக்காது.

தெரியாதவர்களுக்காக வாழ்க்கைக் குறிப்பு. இயற்பெயர் ஆல்பர்ட் நெல்சன். மிசிசிப்பி மாநிலத்தின் இண்டியனோலாவில் 1923 ஏப்ரல் 25 அன்று பிறந்ததாக அவரே சொல்லிவந்தார். சிறுவயதிலேயே குடும்பம் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி பக்கம் குடிபெயர்ந்தது. பருத்திக் காடுகளில் கூலி வேலை. காசு கொடுத்து கிட்டார் வாங்க வழியில்லாத காலத்தில், சுருட்டுப் பெட்டியில் தானே ஒன்றைச் செய்துகொண்டு பழகினார். பிறகு ஆசியோலா என்ற ஊரில் ஒரு குழுவோடு வாசித்தார், தேவாலயப் பாடல்கள் பாடும் குழுவிலும் பாடினார். வயிற்றுப்பாட்டுக்கு புல்டோசர் ஓட்டினார். ஆறடி நான்கு அங்குலத்துக்குக் குறையாத உயரம், நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, ஆனால் குரலோ பட்டுப்போல. அதனால்தான் 'வெல்வெட் புல்டோசர்' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

1950களின் தொடக்கத்தில் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் ஜிம்மி ரீட் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தார். 1953இல் சிகாகோவில் பாரட் நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டு. பெரிதாக விற்கவில்லை. 1956 வாக்கில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் லவ்ஜாய் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பாபின் நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு பாட்டு 1961இல் கறுப்பின மக்களின் இசைக்கான விற்பனைப் பட்டியலான ஆர் அண்ட் பி பட்டியலில் 14ஆம் இடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் இழுபறிதான். 1966இல் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சேரும்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. உலகம் இன்று கொண்டாடும் ஆல்பர்ட் கிங் அந்த வயதுக்குப் பிறகு வந்தவர்.

தாளக்கட்டு எழுதியது:

நல்ல தொடக்கம். ஸ்டாக்ஸ் பற்றிச் சொன்னீர்கள், அங்கே என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் இருவரும் நடத்திய நிறுவனம் ஸ்டாக்ஸ். மெம்ஃபிஸின் மெக்லெமோர் அவென்யூவில் இருந்த பழைய சினிமா தியேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், ஆனால் தரையின் சரிவு அப்படியே இருந்தது. அந்தச் சரிந்த தரையும் உயரமான கூரையும் ஸ்டாக்ஸ் பாட்டுகளின் ஓசையில் கேட்கும். வாசலில் எஸ்டெல் ஆக்ஸ்டன் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். புதிய பாட்டுக்குத் தெருவில் போகிறவர்கள் தலையாட்டுகிறார்களா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த ஸ்டூடியோவின் சொந்தக் குழு புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ். ஆர்கனில் புக்கர் டி. ஜோன்ஸ், கிட்டாரில் ஸ்டீவ் கிராப்பர், பேஸ் கிட்டாரில் டக் டன், டிரம்ஸில் ஆல் ஜாக்சன். இரண்டு கறுப்பர்கள், இரண்டு வெள்ளையர்கள். நிறப் பாகுபாடு ஊறிப்போயிருந்த ஊரில் நான்கு பேரும் நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குக்கு வாசித்த அதே கைகள்தான் ஆல்பர்ட் கிங்குக்கும் வாசித்தன.

'கிராஸ்கட் சா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மிசிசிப்பியின் டெல்டா பகுதியில் பிறந்த பழைய ப்ளூஸ் பாட்டு. 1941லேயே டாமி மெக்லென்னன் பதிவு செய்திருக்கிறார். ஆல்பர்ட் கிங் பாடும்போது, ஆல் ஜாக்சன் வழக்கமான ப்ளூஸ் நடையை எடுத்துவிட்டு கியூபா நாட்டுத் தாளத்தின் சாயலில் ஒரு நடையைப் போடுகிறார். அடி ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவர் எங்கேயும் அலங்காரம் செய்வதில்லை. அதனால் பாட்டின் நடுவில் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. ஆல்பர்ட் கிங் அந்தக் காலி இடத்துக்குள் நுழைந்து ஒரு தந்தியை இழுக்கிறார். அந்த ஒரு சுரம் மலையளவு பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் அதைச் சுற்றி விடப்பட்ட இடம்.

என்னைக் கேட்டால் ஆல் ஜாக்சன் இல்லையென்றால் ஆல்பர்ட் கிங் இல்லை.

கருந்தட்டு எழுதியது:

கடைசி வரியை ஏற்க மாட்டேன், தாளக்கட்டு அண்ணா. பாபின் காலத்துப் பதிவுகளைக் கேளுங்கள். பித்தளைக் கருவிகளின் கூட்டம், ஜாஸ் சாயலுள்ள பியானோ, அதன் நடுவே அதே கிட்டார். சுரத்தை இழுக்கும் விதமும், பாடிவிட்டு நிறுத்தும் விதமும் 1961லேயே முழுதாக வந்துவிட்டன. ஸ்டாக்ஸ் அவருக்கு மேடையைச் செப்பனிட்டுக் கொடுத்தது. ஆளை உருவாக்கவில்லை.

தாளக்கட்டு எழுதியது:

அப்படியானால் அந்தப் பதிவுகள் ஏன் அவரை செயின்ட் லூயிஸ் வட்டாரத்தைத் தாண்டி நிலையாகக் கொண்டுபோகவில்லை? 14ஆம் இடத்துக்கு வந்த பாட்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அவரால் அதற்கு மேல் ஏற முடியவில்லை. பாபின் பதிவுகளில் குழு அவரோடு சேர்ந்து ஓடுகிறது. ஸ்டாக்ஸில் குழு அவருக்காகக் காத்திருக்கிறது. எனக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆறாம் தந்தி எழுதியது:

இருவரும் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கிட்டார்காரனாக நான் கருவியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு.

ஆல்பர்ட் கிங் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இப்படித்தான் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைத் திருப்பிய பிறகு தந்திகளைக் கழற்றி, தடித்த தந்தி மேலே வருமாறு மாற்றிக் கட்டிக்கொண்டார். ஆல்பர்ட் கிங் மாற்றவே இல்லை. அவருக்கு மெல்லிய தந்தி மேலே, முகத்துக்குப் பக்கத்தில். தடித்த தந்தி கீழே. ப்ளூஸ் கிட்டார்காரர் ஓட்டிஸ் ரஷ்ஷும் இந்த முறையில் வாசித்தவர்தான்.

இதனால் என்ன ஆகிறது என்று கையில் கிட்டார் இருப்பவர்கள் பார்க்கலாம். நம்மைப் போன்றவர்கள் மெல்லிய தந்தியை வளைக்கும்போது விரலால் மேல்நோக்கித் தள்ளுகிறோம். அவர் தரையை நோக்கிக் கீழே இழுத்தார். தள்ளுவதைவிட இழுப்பதில் விரல்களுக்குப் பலம் அதிகம், கையின் எடையும் கூடவே வருகிறது. அந்த உடம்பில் அந்தக் கையின் எடை எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதோடு அவர் தந்திகளை வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி கூட்டினார். தந்தி தளர்வாக இருப்பதால் ஒரு முழுச் சுரத்தைத் தாண்டி, இரண்டு முழுச் சுர அளவுக்குக்கூட இழுக்க முடிந்தது.

அவருடைய சுருதி எது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. கிட்டார் செய்பவரான டான் எர்ல்வைன் ஒரு கணக்குச் சொல்கிறார், ஆல்பர்ட் கிங்கோடு வாசித்த ஸ்டீவ் கிராப்பர் வேறொன்றைச் சொன்னார். நான் இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு இந்தச் சண்டையால் இழப்பு ஒன்றுமில்லை.

பிக் என்று நாம் சொல்லும் பிளாஸ்டிக் துண்டை அவர் பயன்படுத்தவில்லை. கட்டைவிரலின் சதையால் தந்தியை அடித்தார். ஓசையில் ஒரு தடிமன் வருவது அதனால்தான். கருவி, கிப்சன் நிறுவனத்தின் ஃப்ளையிங் வி. அம்பு முனை மாதிரியான உருவம். 1958, 1959 ஆண்டுகளில் நூற்றுக்கும் குறைவாகவே செய்து, விற்காததால் நிறுத்திவிட்ட மாடல். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் தலைகீழாகப் பிடிக்கும் இடதுகைக்காரருக்கு அது இடைஞ்சல் தராது. அதற்கு 'லூசி' என்று பெயர் வைத்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் டான் எர்ல்வைன் அவருக்காகவே கறுப்பு வால்நட் மரத்தில் ஒன்று செய்தார். கழுத்துப் பலகையில் அவருடைய பெயரும் தலைப்பகுதியில் லூசியின் பெயரும் பதிக்கப்பட்டிருக்கும்.

செவ்வானம் எழுதியது:

மரியாதையோடு ஒரு மறுப்பு. இழையில் எல்லோரும் அவரைக் கொண்டாடுகிறீர்கள். நானும் அவருடைய இசைத்தட்டுகளைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். ஏழெட்டுச் சொற்கட்டுகளை, அதாவது சிறு சுரத் தொடர்களைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றி வாசித்தார். வேகம் கிடையாது. ஒரு பாட்டின் சோலோவை, அதாவது தனி வாசிப்பை எடுத்து இன்னொரு பாட்டில் ஒட்டினால் வேறுபாடு தெரியாது. மற்ற ப்ளூஸ் கிட்டார்காரர்களான டி-போன் வாக்கரிடமும் பி.பி. கிங்கிடமும் இருக்கும் இசை விரிவு இவரிடம் எங்கே? இழுத்த தந்தியின் அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை உச்சியில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

கயல் எழுதியது:

செவ்வானம் அவர்களுக்கு.

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆறாம் தந்தி எழுதியதில் பாதிதான் புரிந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் ஏழெட்டுச் சொற்கட்டு விஷயம் எனக்கும் தெரிகிறது, அது என்னை உறுத்தவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் சோலோவைத் தனியாக வெட்டி எடுத்துக் கேட்கிறீர்கள். அவர் அப்படி வாசிக்கவில்லை. 'ஆஸ் த இயர்ஸ் கோ பாசிங் பை' என்ற பாட்டை இரவில், வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள். மெதுவான, சோகமான பாட்டு. ஒரு வரி பாடுகிறார். நிறுத்துகிறார். வாயால் சொல்லி முடிக்காததை கிட்டார் சொல்கிறது. பெரும்பாலும் சில சுரங்கள்தான். பிறகு கிட்டார் அடங்கி, அடுத்த வரிக்குக் குரல் வருகிறது. இரண்டும் ஒரு தடவைகூட மோதிக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதால் அவருக்கு வேறு வழியும் இல்லை. அவரால் ஒரே நேரத்தில் பாடிக்கொண்டே தந்தியை இழுப்பது கடினம். அந்தக் கட்டாயத்தை அவர் தன் பாணியாக ஆக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அவருடைய குரலைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃப் போல உறுமுவதில்லை, பி.பி. கிங் போல உச்சத்துக்குப் போய்க் கதறுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். 1967இல் வந்த அவருடைய ஸ்டாக்ஸ் தொகுப்பில் 'த வெரி தாட் ஆஃப் யூ' என்ற பழைய காதல் பாட்டு இருக்கிறது. ப்ளூஸ் ரசிகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கேதான் நிற்பேன். புல்டோசர் ஓட்டிய மனிதர் அவ்வளவு பணிவாக ஒரு காதல் பாட்டைப் பாடுகிறார்.

'ஐ'ல் ப்ளே த ப்ளூஸ் ஃபார் யூ' பாட்டின் நடுவில் இசை தாழ்ந்து, அவர் பேசத் தொடங்குவார். தனிமையில் இருக்கும் ஒருத்தியிடம் வந்து உட்காரச் சொல்லி, நிதானமாக ஆறுதல் சொல்லும் பேச்சு. 1972இல் பார்-கேஸ் குழுவும் மெம்ஃபிஸ் ஹார்ன்ஸும் சேர்ந்து வாசித்த பாட்டு அது. ஐசக் ஹேய்ஸ் போன்ற சோல் பாடகர்கள் பாட்டின் நடுவே நீளமாகப் பேசிய காலம். ஆல்பர்ட் கிங் அந்த வழக்கத்தை எடுத்து ப்ளூஸுக்குள் வைத்தார். வேகமாக வாசிக்கும் எந்தக் கிட்டார்காரரும் எனக்கு அந்த ஆறுதலைத் தந்ததில்லை.

செவ்வானம் எழுதியது:

நீங்கள் சொன்ன முறையில் கேட்டுப் பார்க்கிறேன், கயல். ஆனாலும் ஒரு கிட்டார்காரரின் தரத்தை அவருடைய குரலை வைத்துத்தான் நிறுவ முடியும் என்றால், அவர் கிட்டார்காரர்களுக்கு எப்படி வாத்தியார் ஆனார்? இழையின் தலைப்பே அந்தக் கேள்வியைத்தானே கேட்கிறது?

ஊர்க்குருவி எழுதியது:

வாத்தியார் ஆன கதையில் எனக்குக் கோபம் உண்டு. அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

1967இல் இங்கிலாந்தின் ராக் குழுவான கிரீம் 'ஸ்ட்ரேஞ்ச் புரூ' என்ற பாட்டை வெளியிட்டது. அதில் எரிக் கிளாப்டன் வாசிக்கும் சோலோவைக் கேட்டுவிட்டு, ஆல்பர்ட் கிங்கின் 'ஓ, பிரிட்டி வுமன்' பாட்டைக் கேளுங்கள். அதே சொற்கட்டுகள். பாட்டின் உரிமையில் ஆல்பர்ட் கிங் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும்தான் உரிமைத்தொகை, சோலோவுக்குக் கிடையாது. ஒருவர் இருபது ஆண்டுகள் சிறு ஊர்களின் கிளப்புகளில் வாசித்துச் செதுக்கிய குரலை இன்னொருவர் ஒரு மாலையில் எடுத்துக்கொள்ளலாம், சட்டம் கேட்காது. 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' பாட்டை எழுதியவர்கள் புக்கர் டி. ஜோன்ஸும் வில்லியம் பெல்லும். அதை 1968இல் கிரீம் பாடியபோது எழுதியவர்களுக்காவது பெயர் இருந்தது. அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஆறாம் தந்தி எழுதியது:

கோபம் புரிகிறது, ஊர்க்குருவி. சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் எடுத்துக்கொள்வதை மட்டும் குற்றமாகப் பார்த்தால் ப்ளூஸ் வரலாறே நிற்காது.

ஆல்பர்ட் நெல்சன் எப்படி ஆல்பர்ட் கிங் ஆனார்? 1950களின் தொடக்கத்தில் பி.பி. கிங்கின் 'த்ரீ ஓ கிளாக் ப்ளூஸ்' பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகுதான் இவர் கிங் ஆனார். பி.பி. கிங்கின் கிட்டாருக்குப் பெயர் 'லூசில்', இவருடைய கிட்டாருக்குப் பெயர் 'லூசி'. பி.பி. கிங் இண்டியனோலா பக்கத்துக்காரர், இவரும் தன் ஊர் இண்டியனோலா என்றார். பி.பி. கிங்கின் தந்தையின் பெயர் ஆல்பர்ட் என்பதால், இவர் அதே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரர் என்ற பேச்சும் கிளம்பியது, இவரும் அதை வளரவிட்டார். பி.பி. கிங் அதை மறுத்தார், ஆனால் வன்மத்தோடு மறுக்கவில்லை. ரத்த உறவு இல்லை, ப்ளூஸ் உறவு உண்டு என்ற பொருளில்தான் பேசினார்.

கிட்டாரில் டி-போன் வாக்கரின் சொற்கட்டுகள் ஆல்பர்ட் கிங்கிடம் இருக்கின்றன. தலைகீழ் கிட்டாரில் அவற்றை வாசிக்க முயன்றபோது அவை வேறாகிவிட்டன. எடுத்துக்கொண்டவர் தன் உடம்பையும் வாழ்க்கையையும் அதில் போட்டாரா என்பதுதான் என் அளவுகோல். ஸ்டீவி ரே வான் போட்டார். கிளாப்டன் 'ஸ்ட்ரேஞ்ச் புரூ' பாட்டில் போடவில்லை, அதில் உங்களோடு நிற்கிறேன்.

ஊர்க்குருவி எழுதியது:

பெயரை எடுத்துக்கொண்டவர் அதனால் அடைந்தது லவ்ஜாய் ஊரில் ஒரு வீடும் கிளப் வாய்ப்புகளும். சோலோவை எடுத்துக்கொண்டவர்கள் அடைந்தது உலகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பண விஷயத்தில் நீதி வேறு, இசை விஷயத்தில் நீதி வேறு என்று பிரித்துக்கொள்ளலாம்.

கருந்தட்டு எழுதியது:

ஊர்க்குருவி சொல்லும் அந்த உலகத்தின் வாசலுக்கு ஆல்பர்ட் கிங்கும் வந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

1968 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜான் மேயால், ஆல்பர்ட் கிங் மூவரும் ஒரே மேடையில். மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம் திறந்த இரவில் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் இருந்த குழுவோடு இவரும் வாசித்தார். அதே ஆண்டு ஜூனில் ஃபில்மோர் அரங்கில் பதிவான 'லைவ் வயர் / ப்ளூஸ் பவர்' அவருடைய நேரடி நிகழ்ச்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது. தயாரித்தவர் வேறு யாரும் இல்லை, ஆல் ஜாக்சன்தான். தாளக்கட்டு அண்ணனுக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சி தரும்.

அந்தப் பதிவில் 'ப்ளூஸ் பவர்' என்ற நீண்ட பாட்டு இருக்கிறது. குழு தாழ்ந்த குரலில் ஒரே நடையைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் கூட்டத்தோடு பேசுகிறார். ப்ளூஸ் எல்லோருக்கும் வரும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூடப் பால் புட்டி நேரத்துக்கு வராவிட்டால் வரும் என்று விளக்குகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள் வயதுள்ள வெள்ளைக்கார இளைஞர்கள். அவர்களை ஏளனம் செய்யவில்லை, அவர்களுக்கு ஏற்றாற்போல் வேஷமும் போடவில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். பேச்சை நிறுத்திவிட்டு, சொன்னதற்குச் சான்று காட்டுவதுபோல் மேல் தந்தியைப் பிடித்து இழுக்கிறார். அங்கே கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள்.

1969இல் செயின்ட் லூயிஸ் சிம்பொனி இசைக்குழுவோடும் வாசித்தார். அடுத்த ஆண்டுகளில் இடைவிடாத பயணம். குழுவின் பேருந்தைப் பெரும்பாலும் அவரேதான் ஓட்டினார்.

தாளக்கட்டு எழுதியது:

ஃபில்மோர் மேடையை எல்லோரும் எழுதுகிறார்கள். 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் நிகழ்ச்சியை எழுத மறந்துவிடுகிறார்கள்.

1965இல் அந்த நகரத்தின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களிடையே வெடித்த கிளர்ச்சியின் நினைவாக ஸ்டாக்ஸ் நிறுவனம் நடத்திய பெருவிழா. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். நகரின் கொலிசியம் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஸ்டேபிள் சிங்கர்ஸ், ரூஃபஸ் தாமஸ், ஐசக் ஹேய்ஸ் என்று சோல் இசையின் பெரிய பெயர்கள் வந்த மேடை அது. அங்கே ஆல்பர்ட் கிங்கும் வாசித்தார்.

அந்தக் காலத்தில் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் பலருக்கு ப்ளூஸ் என்பது பெற்றோரின் பாட்டு, பருத்திக் காட்டை நினைவூட்டும் பாட்டு. தங்கள் காலத்துப் பாட்டு சோல்தான் என்று நினைத்தார்கள். ப்ளூஸ்காரர்கள் பலர் தங்கள் மக்களின் காதை இழந்து, வெள்ளைக்கார மாணவர்களின் கைத்தட்டலில் பிழைத்துக்கொண்டிருந்த நேரம். ஆல்பர்ட் கிங் இரண்டு கூட்டத்தையும் வைத்துக்கொண்டிருந்தார். காரணம், அவருக்குப் பின்னால் அடித்த தாளம் அந்த மக்கள் வீட்டில் சனிக்கிழமை இரவில் ஆடிய தாளம். கருந்தட்டு சொன்ன 'முழு உருவம்' என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

1975 அக்டோபரில் ஆல் ஜாக்சன் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. அதற்குப் பிறகு ஆல்பர்ட் கிங் வேறு நிறுவனங்களுக்குப் பதிவு செய்தவற்றில் தந்திக் கருவிகளும் டிஸ்கோ காலத்துப் பளபளப்பும் அதிகம். கிட்டார் அதே கிட்டார்தான். எனக்கு மனம் ஒட்டவில்லை.

பனைமரத்தடி எழுதியது:

இவ்வளவு நாளும் வாசகனாக மட்டும் இருந்தேன். ஸ்டீவி ரே வானுடன் அவர் சேர்ந்து வாசித்த நிகழ்ச்சியைப் பற்றி யாராவது எழுதுங்களேன். நான் ஆல்பர்ட் கிங் என்ற பெயரை முதலில் கேள்விப்பட்டதே அதனால்தான்.

ஆறாம் தந்தி எழுதியது:

எழுதுகிறேன் தம்பி. எனக்கு மிகவும் நெருக்கமான பதிவு அது.

1983 டிசம்பர் 6. கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஸ்டூடியோ. ஆல்பர்ட் கிங்குக்கு அறுபது வயது, ஸ்டீவிக்கு இருபத்தொன்பது. அந்த ஆண்டில்தான் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டு உலகமெங்கும் ஒலித்தது. அதில் வரும் கிட்டார் ஸ்டீவியுடையது, அந்தக் கிட்டாரின் சொற்கட்டுகள் ஆல்பர்ட் கிங்குடையவை. ஆனால் ஸ்டீவி ரே வான் என்ற பெயரைச் சொன்னபோது பெரியவருக்கு யாரென்று தெரியவில்லை. நேரில் பார்த்த பிறகுதான், ஆஸ்டின் நகரில் முன்பு தன்னோடு மேடையேறி வாசித்த ஒல்லிப் பையன் என்று அடையாளம் தெரிந்தது.

பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பெரியவருடையவை. ஸ்டீவியின் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று. பெரியவர் பாடும்போது ஸ்டீவி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தாளத்துக்கான கூட்டுச் சுரங்களை (கார்டுகளை) மட்டும் அடக்கமாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். தன் முறை வந்ததும் ஆல்பர்ட் கிங்கின் சொற்கட்டுகளை ஆல்பர்ட் கிங்கின் முகத்துக்கு நேராகவே வாசிக்கிறார், இன்னும் வேகமாக, தடித்த தந்திகளில், வியர்வை சொட்ட. பெரியவர் சிரித்துக்கொண்டே ஊக்கம் கொடுக்கிறார். பிறகு தன் முறையில் ஒரு சுரத்தை எடுத்து, அதை மெதுவாக மேலே கொண்டுபோய், உரிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி வைக்கிறார். நமக்கு மூச்சு முட்டுகிறது. அதற்குப் பிறகுதான் மீதியைக் கொடுக்கிறார்.

செவ்வானம், நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பெயரில்லாத இடங்களில் அவர் குடியிருந்தார். சுரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. தாளில் எழுதினால் அதே ஏழெட்டுச் சொற்கட்டுதான் வரும். காது வைத்துக் கேட்டால் அப்படி இல்லை.

இடைவேளைப் பேச்சில் பெரியவர் பையனிடம் கண்டிப்பும் அன்பும் கலந்து பேசுகிறார். நன்றாக வாசிக்கிறாய், அதோடு நின்றுவிடாதே, இன்னும் மேலே போ என்ற பொருளில். 1999இல் இந்தப் பதிவு இசைத்தட்டாக வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. ஸ்டீவி 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். பெரியவர் 1992 டிசம்பர் 21 அன்று மெம்ஃபிஸில் மாரடைப்பால் இறந்தார். இரண்டு நாள் முன்னால்கூட லாஸ் ஏஞ்சலஸில் மேடையேறியிருந்தார்.

செவ்வானம் எழுதியது:

பெயரில்லாத இடங்கள் என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இசை விரிவு குறைவு என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கலாம்.

பனைமரத்தடி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. புதிதாகக் கேட்பவர்கள் எங்கே தொடங்குவது?

கயல் எழுதியது:

ஹாமில்டன் பதிவிலிருந்து தொடங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அதில் இரண்டு கிட்டார்களையும் ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுவோம். முதலில் 1967இன் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' தொகுப்பு. பதினொரு பாட்டுகள், பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தாண்டாதவை. தலைப்புப் பாட்டில் பேஸ் கிட்டாரும் கிட்டாரும் சேர்ந்து இறங்கிவரும் அந்த அடிவரியைக் கேட்டுவிட்டு, எழுத்துப்படிப்பு இல்லாத, பிறந்த நேரமே சரியில்லாத ஒருவனின் கதையை அவர் எவ்வளவு அலட்டலில்லாமல் பாடுகிறார் என்று பாருங்கள். பிறகு 1972இன் 'ஐ'ல் ப்ளே த ப்ளூஸ் ஃபார் யூ'. ஃபில்மோர் பதிவு மூன்றாவதாக வரட்டும்.

கருந்தட்டு எழுதியது:

கயல் சொன்ன வரிசையை அப்படியே வழிமொழிகிறேன். அதற்கு முன்னால் பாபின் காலத்துப் பாட்டுகளில் இரண்டையாவது கேளுங்கள், பனைமரத்தடி. தாளக்கட்டு அண்ணனுக்கும் எனக்கும் நடக்கும் வழக்கில் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

2013இல் அவரை ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அங்கேயும் பேச்சு பெரும்பாலும் அவர் யார் யாருக்கு முன்னோடி என்பதுதான்.

பாபின் நிறுவனத்துக்கு அவரைக் கொண்டுவந்தவர் லிட்டில் மில்டன். அவரும் கிட்டார்காரர், அருமையான சோல் பாடகர், பின்னாளில் அவரும் ஸ்டாக்ஸுக்கே வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி இந்தத் தளத்தில் ஓர் இழைகூட இல்லை. இந்த வார இறுதியில் தொடங்குகிறேன். ஊர்க்குருவி, உரிமைத்தொகை பற்றி உங்களிடம் இருக்கும் செய்திகளை அங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.